அவே கோல் விதியை ஆப்பிரிக்கா இன்னும் ஏன் கட்டிக்கொண்டு அழுகிறது? (சாம்பியன்ஸ் லீக் நாக்அவுட்)

மூலைக்கொடி

2025 ஜூன்: எகிப்தின் பிரமிட்ஸ் கோப்பையைத் தூக்கி ஒரு வாரம் ஆகிவிட்டது. கொண்டாட்டமும் புலம்பலும் மற்ற இழைகளில் நடக்கட்டும். இங்கே ஒரே ஒரு விஷயம்: ஆப்பிரிக்கக் கிளப் கால்பந்தின் சாம்பியன்ஸ் லீக் நாக்அவுட்டில் அவே கோல் விதி இனி எதற்கு?

ஐரோப்பா 2021-இல் அதைத் தூக்கிவிட்டது. தென் அமெரிக்காவும் அதே ஆண்டு முடிவெடுத்து அடுத்த சீசனிலிருந்து நிறுத்திவிட்டது. காஃப் (ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு) 2024-25 சீசன் வரை அசையவில்லை. இரண்டு லெக்கும் (வீட்டில் ஒன்று, வெளியூரில் ஒன்று) சேர்த்து கோல் சமம் என்றால் வெளியூரில் அதிகம் அடித்த அணி மேலே போகும். அதுவும் சமம் என்றால் கூடுதல் நேரம் கிடையாது, நேரே பெனால்டி ஷூட்அவுட்.

வெளியூர் அணி பயப்படாமல் முன்னேறி ஆட வேண்டும் என்றுதான் இந்த விதி வந்தது. நடப்பது தலைகீழ். 2024 காலிறுதியின் முதல் லெக்குகளைப் பாருங்கள். தான்சானியாவின் தாரெஸ்ஸலாமில் உள்ளூர் யாங்கா–தென்னாப்பிரிக்காவின் சன்டவுன்ஸ் 0-0. அங்கோலாவின் லுவாண்டாவில் பெட்ரோ–காங்கோவின் மசெம்பே 0-0. துனிசியாவின் ரதேஸில் எஸ்பெரான்ஸ்–ஐவரி கோஸ்டின் அசெக் மிமோசாஸ் 0-0. தாரெஸ்ஸலாமின் இன்னொரு அணியான சிம்பாவை எகிப்தின் அஹ்லி 1-0 என்று ஜெயித்தது. நான்கு ஆட்டத்திலும் சேர்த்து ஒரே ஒரு கோல்! காலிறுதியிலிருந்து இறுதி வரை 14 ஆட்டங்களையும் கூட்டிப் பார்த்தேன், 12 கோல்தான் தேறியது.

சொந்த மண்ணில் ஆடுகிறவர்கள் "அடிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒன்று வாங்கிவிடக் கூடாது" என்று ஆடுகிறார்கள். வந்தவர்களுக்கும் 0-0 போதும். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவனைத் தவிர எல்லோருக்கும் வசதி.

சேம்சைடு செல்வம்

சன்டவுன்ஸ் ரசிகனாக இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கே தெரியவில்லை.

2023 அரையிறுதி. மொராக்கோவின் காசாபிளாங்காவில் விதாத்தோடு 0-0 எடுத்துவிட்டு வந்தோம். எங்கள் ஊர் பிரிட்டோரியாவில் இரண்டு முறை முன்னிலை. 83-ஆவது நிமிடம் எங்கள் மொதோபி ம்வாலா தலையால் சேம் சைடு கோல். 2-2. இரண்டு ஆட்டத்திலும் தோற்காமல் வீட்டுக்குப் போனோம்.

2025 அரையிறுதி. இந்த முறை பிரிட்டோரியாவில் 0-0. கெய்ரோவில் அஹ்லிக்கு தாஹிர் மொஹமத் முதல் பாதியிலேயே அடித்துவிட்டார். 90-ஆவது நிமிடம் அஹ்லியின் யாசர் இப்ராஹிம் சேம் சைடு கோல். 1-1. நாங்கள் இறுதிக்கு, அவர்கள் வீட்டுக்கு. மறுநாளே பயிற்சியாளர் மார்செல் கோலரின் வேலை போனது. இரண்டு சாம்பியன்ஸ் லீக் வாங்கிக் கொடுத்த மனிதர்.

இரண்டு வருட இடைவெளியில் ஒரே விதி, ஒரே மாதிரி சேம் சைடு கோல். முதல் தடவை என் அணியைக் கொன்றது, இரண்டாவது தடவை காப்பாற்றியது. எதிராளி தன் வலையிலேயே போட்டுக்கொண்டதை "நீ வெளியூரில் துணிச்சலாக ஆடியதற்குப் பரிசு" என்று விதி சொல்கிறது பாருங்கள், அங்கேதான் எனக்கு இடிக்கிறது. இதில் யாருடைய துணிச்சல் இருக்கிறது?

சிவப்புச் சட்டை

செல்வம் அண்ணே, அந்த 90-ஆவது நிமிடத்தைப் பற்றி ஒரு அஹ்லி ரசிகனிடம் பேசியிருக்க வேண்டாம். சரி, பேசிவிட்டீர்கள்.

அந்த கோலின் கனம் தெரிய ஒரு கணக்கு சொல்கிறேன். 2024 நாக்அவுட்டில் அஹ்லி ஆடிய ஆறு ஆட்டங்கள்: சிம்பாவோடு 1-0, 2-0. மசெம்பேயோடு 0-0, 3-0. எஸ்பெரான்ஸோடு 0-0, 1-0. ஒரு கோல் கூட வாங்கவில்லை. அந்த சீசனில் பெரும்பாலும் வலைக்கு முன்னால் நின்றது முஸ்தஃபா ஷொபைர், பழைய எகிப்து கோல்கீப்பர் அஹ்மத் ஷொபைரின் மகன். 2025 காலிறுதியில் ஒம்துர்மானின் அல் ஹிலாலோடு 1-0, 1-0. பிரிட்டோரியாவில் 0-0. ஆக மொத்தம் ஒன்பது நாக்அவுட் ஆட்டங்களில் எதிரணியால் ஒரு கோல் போட முடியவில்லை. பத்தாவது ஆட்டத்திலும் எதிரணி போடவில்லை, நாங்களே போட்டுக்கொண்டோம்.

இவ்வளவு பட்டும் சொல்கிறேன்: விதி இருக்கட்டும். 2006 இறுதியை நினைத்துப் பாருங்கள். கெய்ரோவில் துனிசியாவின் ஸ்ஃபாக்சியனோடு 1-1. ரதேஸில் இரண்டாவது லெக் 0-0-வாகவே இன்ஜுரி டைமுக்குப் போகிறது. அப்படியே முடிந்திருந்தால் அவே கோலில் கோப்பை துனிசியாவுக்கு. 92-ஆவது நிமிடம் அபுத்ரிகா இடது காலால் ஒன்று விட்டார், அவ்வளவுதான். விதி இல்லை என்றால் அஹ்லி அந்தக் கடைசி அரை மணி நேரம் பந்தைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு பெனால்டிக்குக் காத்திருக்கும். அபுத்ரிகா அந்த இடத்தில் நின்றிருக்கவே மாட்டார்.

மூலைக்கொடி

ஒரு அற்புதமான கோலைக் காட்டி விதியைக் காப்பாற்ற முடியாது சிவப்பு. நீங்கள் சொன்ன 2024 கணக்கே என் கட்சிக்குச் சாட்சி. அந்த மூன்று சுற்றிலும் முதல் லெக் அஹ்லிக்கு வெளியூரில். தாரெஸ்ஸலாமில் ஒரு கோல், லுபும்பாஷியில் பூஜ்யம், ரதேஸில் பூஜ்யம். வாங்காமல் வந்தால் போதும், மிச்சத்தைக் கெய்ரோவில் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆட்டம். கோப்பை வந்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் அவே கோல் விதி அஹ்லியைத் தாக்கி ஆட வைத்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தாரெஸ்ஸலாம் வாசி

நான் வேலை பார்ப்பது தாரெஸ்ஸலாமில். இங்கே இந்த விதியைப் பற்றிப் பேச்செடுத்தால் யாங்காக்காரர்கள் சாம்பியன்ஸ் லீக்கைச் சொல்ல மாட்டார்கள், 2023 கான்ஃபெடரேஷன் கப் (காஃபின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டி) இறுதியைத்தான் சொல்வார்கள்.

முதல் லெக் இங்கே, எம்காபா மைதானத்தில். அல்ஜீரியாவின் யுஎஸ்எம் அல்ஜெர் 2-1 என்று ஜெயித்தது. யாங்காவுக்கு ஃபிஸ்டன் மயேலே ஒன்று அடித்தார். எல்லாம் முடிந்தது என்று ஊரே நினைத்தது. அப்புறம் அல்ஜியர்ஸ் போய், அந்தக் கூட்டத்துக்கு நடுவில், யாங்கா 1-0 என்று ஜெயித்தது! வட ஆப்பிரிக்காவில் ஒரு இறுதிப் போட்டியில், கிழக்கு ஆப்பிரிக்க அணி. மொத்தம் 2-2. கோப்பை அல்ஜெருக்கு, ஏனென்றால் அவர்கள் இங்கே இரண்டு அடித்தார்கள், இவர்கள் அங்கே ஒன்றுதான் அடித்தார்கள்.

ஆளுக்கொரு வெளியூர் வெற்றி, ஆளுக்கு இரண்டு கோல். இதற்கு மேல் சமமாக இரண்டு அணிகள் எப்படி இருக்க முடியும்? பெனால்டி வைத்துத் தோற்றிருந்தால் கூட மனசு ஆறியிருக்கும். 2023-இல் சிம்பா அப்படித்தான் விதாத்திடம் தோற்றது. இங்கே 1-0, காசாபிளாங்காவில் 0-1, பெனால்டியில் 4-3. இன்றும் சிம்பாக்காரர்கள் அதைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறார்கள்.

அதே மயேலே அந்த இறுதி முடிந்த கையோடு பிரமிட்ஸுக்குப் போனார். போன வாரம் இறுதியில் முதல் கோல் அவருடையது. இங்கே பச்சை மஞ்சள் சட்டைக்காரர்கள் பாதிப் பேர் அன்றைக்கு எகிப்து அணிக்குக் கை தட்டினார்கள்.

நடுவர் விசில்

அவே கோல், அவே கோல் என்று அடித்துக்கொள்கிறீர்கள். இந்தப் போட்டியின் நாக்அவுட்டில் உண்மையான வியாதி நடுவர் பக்கம்தான்.

2019 இறுதி. ரபாத்தில் எஸ்பெரான்ஸோடு விதாத் 1-1. ரதேஸில் எஸ்பெரான்ஸ் 1-0 முன்னிலை, பெலாயிலி அடித்தது. இரண்டாவது பாதியில் விதாத்தின் வலீத் எல் கார்த்தி தலையால் சமன் செய்கிறார், ஆஃப்சைடு என்று கொடி. வார் (வீடியோ உதவி நடுவர்) பாருங்கள் என்று விதாத் வீரர்கள் கேட்டால், வார் வேலை செய்யவில்லை! இரண்டு அணிகளுக்கும் அது முன்பே தெரியுமா, தெரியாதா என்று சண்டை. ஒன்றரை மணி நேரம் ஆட்டம் நின்றது. கடைசியில் காம்பியா நடுவர் பகாரி கஸாமா ஆட்டத்தை முடித்து எஸ்பெரான்ஸுக்குக் கோப்பையைக் கொடுத்தார். காஃப் கூடி மறு ஆட்டம் என்றது. சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டுத் தீர்ப்பாயம் அந்த முடிவை ரத்து செய்தது. திரும்ப எஸ்பெரான்ஸே சாம்பியன்.

அந்த எல் கார்த்தியைக் கவனியுங்கள். 2017 இறுதியில் அஹ்லிக்கு எதிராக விதாத்துக்குக் கோப்பையைக் கொடுத்த கோல் அவர் அடித்தது. 2019-இல் ரத்தானதும் அவருடையது. 2025 இறுதி முதல் லெக், பிரிட்டோரியாவின் லோஃப்டஸ் வெர்ஸ்ஃபெல்டில் சன்டவுன்ஸ் 1-0 என்று முடிக்கப் போகிற நேரம், 94-ஆவது நிமிடம் பிரமிட்ஸுக்காக சமன் செய்ததும் அதே ஆள். ஒரு மனிதரின் காலையும் தலையையும் மட்டும் பார்த்தே இந்தப் போட்டியின் பத்து வருடக் கதையைச் சொல்லிவிடலாம்.

தாரெஸ்ஸலாம் வாசி

நடுவர் பேச்சு வந்தால் அஸீஸ் கியை விட்டுவிடாதீர்கள். 2024, பிரிட்டோரியா, இரண்டாவது லெக். யாங்காவின் அஸீஸ் கி அடித்த பந்து மேல் கம்பியில் பட்டுக் கீழே விழுந்தது. கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா? டிவியில் பார்த்தவர்களுக்கு உள்ளே. நடுவருக்கு வெளியே. கோல்லைன் தொழில்நுட்பம் இல்லை, வார் அறையில் இருந்தவர்களும் கோல் தரவில்லை. 0-0, பெனால்டியில் 3-2 என்று சன்டவுன்ஸ் போனது. அந்த கோல் கொடுக்கப்பட்டு சன்டவுன்ஸ் ஒன்று திருப்பி அடித்திருந்தாலும், அவே கோலில் யாங்காதான் அரையிறுதிக்கு. ஒரே ஒரு தடவை இந்த விதி எங்களுக்கு உதவியிருக்கும், அதற்கும் வழியில்லாமல் போனது.

சேம்சைடு செல்வம்

அது உள்ளேயா வெளியேயா என்று நான் கருத்துச் சொல்லப் போவதில்லை :)

பழைய பேப்பர்

தம்பிமாரே, 1967 கதை ஒன்று இருக்கிறது, இந்தத் தலைப்புக்கென்றே நடந்தது போல.

அப்போது பெயர் ஆப்பிரிக்க சாம்பியன் கிளப் கோப்பை. 1964-இல் தொடங்கியது, முதல் கோப்பை கேமரூனின் ஓரிக்ஸ் துவாலாவுக்கு. 1967 இறுதியில் கானாவின் அசான்டே கொட்டோகோவும் காங்கோவின் டிபி எங்லெபெரும் (இன்றைய மசெம்பே). குமாசியில் 1-1. காங்கோவில் 2-2. அவே கோல் கணக்குப் பார்த்தால் கொட்டோகோ வெளியூரில் இரண்டு, எங்லெபெர் ஒன்று. இன்றைய விதிப்படி அன்றிரவே கொட்டோகோ சாம்பியன். அன்றைக்கு அந்த விதி இல்லை. மூன்றாவது ஆட்டம் கேமரூனில் என்று முடிவாயிற்று. அந்தத் தகவல் கானாவின் சங்கத்திலிருந்து கிளப்புக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பார்கள். கொட்டோகோ மைதானத்துக்கு வரவே இல்லை. கோப்பை எங்லெபெருக்கு.

மூன்று வருடம் கழித்து 1970 இறுதியில் அதே இரண்டு அணிகள். குமாசியில் மறுபடி 1-1. இந்த முறை கொட்டோகோ காங்கோவிலேயே போய் 2-1 என்று ஜெயித்து, எந்தக் கணக்குக்கும் இடம் வைக்காமல் எடுத்துக்கொண்டு வந்தது.

சொந்த மண் எவ்வளவு கனம் என்பதற்கு 1976. கினியாவின் கொனாக்ரியில் ஹாஃபியா 3-0. அல்ஜியர்ஸில் மௌலூடியா 3-0. அதாவது ஒரே இரண்டு அணிகளுக்கு நடுவில், இடம் மாறியதால் ஆறு கோல் வித்தியாசம். பெனால்டியில் மௌலூடியா ஜெயித்தது. ஹாஃபியா 1975-இலும் 1977-இலும் வாங்கியது, நடுவில் அந்த ஒன்று மட்டும் கை நழுவியது.

சிவப்புச் சட்டை

பழைய பேப்பர் சார் சொன்ன 1976-தான் என் வாதம். ஐரோப்பா இந்த விதியை எடுத்ததற்குச் சொன்ன காரணம், சொந்த மண்ணின் சாதகம் முன்பு போல இல்லை என்பது. நல்ல புல்தரை, நல்ல விமானம், ஒரே மாதிரி மைதானம். ஆப்பிரிக்காவில் அப்படியா? ஜோஹன்னஸ்பர்கிலிருந்து கெய்ரோவுக்கே எட்டு மணி நேரப் பறப்பு. பிரிட்டோரியா கடல் மட்டத்துக்கு மேல் 1,300 மீட்டர் உயரம். கடலோரத்திலிருந்து வருகிறவனுக்கு 70-ஆவது நிமிடத்தில் மூச்சு வாங்கும். அங்கே போய் ஒரு கோல் அடிப்பது, வீட்டில் ஒரு கோல் அடிப்பதற்குச் சமமா?

இன்னொன்று. ஐரோப்பாவில் இந்த விதி மேல் இருந்த பெரிய புகார், கூடுதல் நேரத்திலும் அவே கோல் செல்லும் என்பது. இரண்டாவது லெக்கில் வந்த அணிக்கு முப்பது நிமிடம் இலவசமாகக் கிடைத்தது. காஃப் போட்டியில் கூடுதல் நேரமே இல்லை. ஆளுக்குத் தொண்ணூறு நிமிடம் வீடு, தொண்ணூறு நிமிடம் வெளியூர். பாதிப் புகார் இங்கே செல்லவே செல்லாது.

மூலைக்கொடி

கூடுதல் நேர விஷயம் சரியான பேச்சு, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வீடு என்று சொல்கிறீர்களே, யாருடைய வீடு?

2025 காலிறுதியில் நீங்கள் ஜெயித்த அல் ஹிலால் சூடான் கிளப். 2023 ஏப்ரலில் போர் தொடங்கியதிலிருந்து அவர்களால் ஒம்துர்மானில் ஆட முடியவில்லை. அந்த சீசனில் அவர்களுடைய "சொந்த மண்" மௌரிடானியாவின் நுவாக்ஷோட். உள்ளூர் லீக் கூட மௌரிடானியாவில்தான் ஆடினார்கள். அப்படி இருந்தும் குழுவில் முதலிடம் பிடித்துக் காலிறுதிக்கு வந்தார்கள். குழுவில் முதலிடம் பிடித்தால் என்ன பரிசு? இரண்டாவது லெக் வீட்டில். அந்த வீடு கண்டத்தின் இன்னொரு கோடியில். அங்கே அஹ்லி அடிக்கும் கோலுக்கு "வெளியூர் கோல்" என்று கூடுதல் மதிப்பு உண்டு. ஹிலாலுக்கு இரண்டு லெக்கும் வெளியூர், ஆனால் அவர்களுடைய கோலுக்கு ஒரு ஆட்டத்தில்தான் அந்த மதிப்பு.

அந்தச் சுற்றில் அஹ்லி 2-0 என்று தெளிவாகவே ஜெயித்தது, விதிக்கு வேலை வரவில்லை. ஆனால் வந்திருந்தால்? போர் மட்டுமில்லை, காஃப் அங்கீகரித்த மைதானம் நாட்டில் இல்லாததால் பக்கத்து நாட்டில் "சொந்த மண்" தேடும் அணிகளும் உண்டு.

நடுவர் விசில்

இது வலுவான வாதம். தலைப்பிலேயே இதைப் போட்டிருக்கலாம்.

சேம்சைடு செல்வம்

நானும் யோசித்துப் பார்த்தேன். மூலைக்கொடிக்கு எதிராகப் போன ஞாயிற்றுக்கிழமையையே வைக்கிறேன்.

முதல் லெக் 1-1. கெய்ரோவில் மயேலே, அப்புறம் அஹ்மத் சமி, 2-0. ஆட்டம் செத்துவிட்டது. 75-ஆவது நிமிடம் இக்ராம் ரெய்னர்ஸ் ஒன்று அடித்தார். மொத்தம் 3-2. இன்னொன்று விழுந்தால் 3-3, கெய்ரோவில் எங்களுக்கு இரண்டு, பிரிட்டோரியாவில் அவர்களுக்கு ஒன்று. பெனால்டி இல்லை, கோப்பையே எங்களுக்கு! அந்தப் பதினைந்து நிமிடம் பிரமிட்ஸ் முன்னிலையில் இருந்தும் ஒரு கோல் தூரத்தில் தோல்வி. பார்த்தவர்களுக்குத் தெரியும், மைதானத்தில் யாரும் உட்காரவில்லை. விதி இல்லை என்றால் அந்த ஒரு கோல் வெறும் ஷூட்அவுட் டிக்கெட்.

அதே பிரமிட்ஸ் காலிறுதியில் மொராக்கோவின் ஃபார் அணியை வீட்டில் 4-1 என்று அடித்துவிட்டுத் திரும்ப லெக்கில் 2-0 என்று தோற்றது. அங்கேயும் இன்னும் ஒரு கோல் வாங்கியிருந்தால் 4-4, அவே கோலில் கெய்ரோவுக்கு டாட்டா. ஒரு கோல் விலை ஏறிக்கொண்டே போவதுதான் இந்தப் போட்டியின் ருசி.

எங்கள் பயிற்சியாளர் மிகேல் கார்டோசோவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. 2024-இல் எஸ்பெரான்ஸோடு வந்து சன்டவுன்ஸையே அரையிறுதியில் இரண்டு லெக்கிலும் 1-0 என்று வீழ்த்தி இறுதிக்குப் போனார். அங்கே ரோஜர் அஹோலூவின் சேம் சைடு கோலில் அஹ்லியிடம் தோல்வி. அடுத்த சீசனில் இந்தப் பக்கம் வந்தார், மறுபடி கெய்ரோவில் தோல்வி.

மூலைக்கொடி

செல்வம், தோற்றுக்கொண்டிருக்கிற அணி கடைசிப் பதினைந்து நிமிடம் விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாக்கத்தான் செய்யும். பதற்றம் இறுதிப் போட்டியால் வந்தது. என் கேள்வி முதல் லெக்கைப் பற்றியது, அதற்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

சரி, நடுவழி ஒன்று: காலிறுதி, அரையிறுதி வரை விதி இருக்கட்டும். இறுதியில் மட்டும் எடுத்துவிடலாம். கூடவே இறுதிக்கு மட்டும் கூடுதல் நேரம்.

தாரெஸ்ஸலாம் வாசி

இதற்கு என் ஓட்டு. யாங்காவுக்கு அல்ஜியர்ஸில் அரை மணி நேரம் கூடக் கிடைத்திருந்தால் போதும்.

நடுவர் விசில்

அதற்கு இறுதியை ஒரே ஆட்டமாக வைத்துவிடலாமே? 2020, 2021, 2022 மூன்று வருடம் அப்படித்தானே நடந்தது.

சிவப்புச் சட்டை

2020-இல் அஹ்லி–ஸமாலெக் கெய்ரோவில், கொரோனாவால் காலி மைதானத்தில். அஃப்ஷாவின் 86-ஆவது நிமிட கோல் எனக்கு இனிப்புத்தான். ஆனால் 2022-இல் விதாத்தோடு இறுதியைக் காசாபிளாங்காவில், விதாத்தின் சொந்த மைதானத்திலேயே வைத்தார்கள். 2-0 என்று தோற்றோம். ஒரே ஆட்டம் என்றால் நடுநிலை மைதானத்தை முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். அதைச் செய்ய முடியாமல்தான் 2023-இல் மறுபடி இரண்டு லெக்குக்கு வந்தார்கள். அந்தப் பக்கம் மறுபடி போகாதீர்கள்.

பழைய பேப்பர்

மூலைக்கொடியின் நடுவழி படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2014 இறுதியை வைத்துப் பாருங்கள். காங்கோவின் கின்ஷாசாவில் வீட்டா கிளப்போடு அல்ஜீரியாவின் செட்டிஃப் 2-2, சொந்த நாட்டில் ப்ளிடாவில் 1-1. மொத்தம் 3-3, அவே கோலில் கோப்பை செட்டிஃப்புக்கு. 1990-இல் ஜேஎஸ் கபிலி வாங்கிய பிறகு அல்ஜீரியாவுக்கு வந்த முதல் கோப்பை. கின்ஷாசா போன்ற இடத்தில் போய் ஒரு இறுதியின் முதல் லெக்கில் இரண்டு கோல் அடித்த அணி அது. மூலைக்கொடி முதல் பதிவில் கேட்ட அச்சமில்லாத முதல் லெக் இதுதானே? இறுதிக்கு மட்டும் விதியை எடுத்தால், அப்படி ஆடியவர்களைத்தான் முதலில் ஷூட்அவுட்டுக்கு அனுப்பப் போகிறீர்கள்.